கணக்குக்கு முன்னால் கால் மணி நேரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஏனாத்தூர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘குழுக் கூட்டம் நடத்துவது எப்படி’. இதுல பேச என்ன இருக்கு, வருஷக்கணக்கா நடத்திக்கிட்டுத்தானே இருக்கோம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாதம் தவறாமல் கூட்டம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். தரமதிப்பீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். அப்போது ஊக்குநராக இருந்த எனக்கு அதிலே கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வம் எப்படிப் போனது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். சொல்லுங்க அக்கா, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும் என்று அவரே சொன்னதால்தான் இங்கே சொல்கிறேன். வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். 11 வருஷம் குழுவில் இருந்தவர், ஒரு தவணை தவறியதில்லை. ஒரு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. மகளிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். அடுத்த மாதமும் மகள்தான் வந்தாள். அதற்கடுத்த மாதமும் அவள்தான். வராதவர்களுக்கு 10 ரூபாய் அபராதம் என்பது எங்கள் விதி. மூன்று மாதமும் நான் என் கையாலேயே அபராதம் எழுதினேன். பணம் வந்ததா என்று பார்த்தேன், ஆள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

நாலாவது மாதம் அந்தப் பெண் பாஸ்புக்கோடு மூன்று பத்து ரூபாய் நோட்டைத் தனியாக மடித்துக் கொண்டுவந்தாள். “இது அபராதம் பெரியம்மா. அம்மா குழுவை விட்டு நின்னுக்கறாங்களாம்” என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எப்படி இருக்கே என்று கேட்கப் போகவில்லை. மீதிக் கடனை எப்படிக் கட்டப் போகிறார் என்று கேட்கத்தான் போனேன். மார்பில் ஒரு கட்டி. நாலு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை என்பதால் தானே கரைந்துவிடும் என்று இருந்திருக்கிறார். பெரிசாகிக்கொண்டே போனதும் பயந்துபோய் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?” என்றேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: “எப்பக்கா சொல்றது? நீங்க பணம் எண்ணிக்கிட்டு இருக்கும்போதா?”

மறுநாளே நானும் இன்னொரு உறுப்பினரும் அவரைக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அரசு ஆஸ்பத்திரி, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அங்கே வருகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தங்கச்சிக்கு நாலு மாதம் ஆனது. ஆபரேஷன் ஆயிற்று. மருந்து ஏற்றும்போது முடி கொட்டியது. அந்த நாட்களில் சமையலுக்கு முறை போட்டுக்கொண்டோம், காப்பீட்டு அட்டை வேலைக்கு ஒருவர் அலைந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், சொன்ன தேதிக்குப் பரிசோதனைக்குப் போய்வருகிறார்.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்பில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் கிடையாது. ஆனால் வலிக்கவில்லை என்று விட்டுவிடவும் கூடாது. எதுவானாலும் உடனே காட்டிவிட வேண்டும்.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி என்னை விடவே இல்லை. 11 வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் எவ்வளவு கடன் வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று எனக்கு மனப்பாடம். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நம் அம்மா, ஆயா காலத்தில் இதற்கென்று யாரும் கூட்டம் போடவில்லை. கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போது பேசினார்கள். ஏரிக்கரையில் துணி துவைக்கும்போது பேசினார்கள். நாற்று நடும்போது வரிசையாகக் குனிந்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவார்கள். உரலில் ரெண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தி முகம் வாடியிருந்தால் அடுத்தவளுக்குத் தெரியாமல் போகாது. அந்த வேலைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. இடுப்பு ஒடிகிற வேலை, போனதே நல்லது. வாசலுக்குக் குழாய் வந்தது, வீட்டுக்குள் கிரைண்டர் வந்தது, வயலுக்கு நடவு மிஷின் வந்தது. நம் பெண்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வேலையோடு வேலையாக நடந்துகொண்டிருந்த பேச்சும் அதோடு போய்விட்டது. இப்போது பத்துப் பதினைந்து பெண்கள் தவறாமல் ஒரு இடத்தில் உட்காருவது நம் குழுக் கூட்டத்தில்தான். அதையும் வரிசையில் நின்று பில் கட்டுவது மாதிரி ஆக்கிவிட்டால், அப்புறம் எங்கே போய்ப் பேசுவது?

பயிற்சியில் நமக்கு ஐந்து சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையாகத் திருப்பிக் கட்டுவது, முறையான கணக்கு. சேமிப்பை முதலில் வைக்கவில்லை, கூட்டத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏன்? நம் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை ஆரம்பித்தார்கள். 1992-ல் நபார்டு வங்கி குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுக்கும் முறையைச் சோதனையாகத் தொடங்கியது. நகை கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. 12 பேரிலிருந்து 20 பேர் ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் நிற்பார்கள் என்ற ஒன்றைத்தான் அடமானமாக எடுத்துக்கொண்டார்கள். நாம் பேங்கில் வைத்திருக்கும் சொத்தே நம்ம பழக்கம்தான். அதை நாமே தேய விட்டால் எப்படி?

ஒரு பயிற்சியில் கொல்கத்தாவில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. முதல் தடவை கடன் வாங்கிய பெண்களின் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிப் பிரித்தார்கள். சில குழுக்கள் வாரா வாரம் கூடிப் பணம் கட்டின, சில குழுக்கள் மாதம் ஒரு முறை. வாரா வாரம் பார்த்துக்கொண்ட பெண்கள் கூட்டத்துக்கு வெளியேயும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கடனில் எல்லாருக்கும் ஒரே மாதிரி தவணை வைத்தபோதும், முன்பு வாரா வாரம் கூடியவர்களில் தவணை தவறியவர்கள் ரொம்பக் குறைவு. ஆக, பேசிப் பழகுவது நேரத்தை வீணாக்குவது ஆகாது. கணக்கும் அதனால்தான் நிற்கிறது.

சரி, எங்கள் குழுவில் நாங்கள் என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். இது சட்டம் இல்லை. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். முன்பெல்லாம் என் வீட்டில்தான் கூட்டம். நான் நாற்காலியில், மற்றவர்கள் கீழே. சில நாள் கோயில் மண்டபத்தில். அங்கே எல்லாராலும் எல்லா நாளும் வர முடியாது, காரணம் உங்களுக்கே தெரியும். இப்போது கிராம சேவை மையக் கட்டடத்தில் கூடுகிறோம். வட்டமாக உட்காருகிறோம், ஊக்குநரும் பாயில்தான். வட்டமாக உட்கார்ந்தால் யார் முதுகையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. செல்போன் எல்லாம் ஒரு தட்டில் வைத்துவிடுவோம். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர்கள் போனை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன்னால் கால் மணி நேரம். ஒரு கேள்வி. எல்லாராலும் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வி. “இந்த மாசம் உங்க கையால செஞ்சதுல எது நல்லா வந்துச்சு?” “உங்களுக்குன்னு கடைசியா எப்ப ஒரு பொருள் வாங்கினீங்க?” இந்த மாதிரி. சொல்ல விருப்பமில்லை என்றால் “அடுத்தவங்க” என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. எப்போதும் முதலில் பேசுகிறவர் அன்றைக்குக் கடைசியில் பேச வேண்டும். அந்த விதி எனக்காகவே போட்டது!

ஒரு நாள் கேட்ட கேள்வி, “கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?” எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒரு பெரியம்மா. அவரை ஊரே மகன் பெயரைச் சொல்லி ‘இன்னாரோட அம்மா’ என்றுதான் கூப்பிடும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் அப்பா கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “அப்பா செத்து நாப்பது வருஷம் ஆவுது, அதுக்கப்புறம் யாரும் கூப்பிட்டதில்ல” என்றார். இப்போது எங்கள் குழுவில் அவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். நல்லா போகுதே என்ற உற்சாகத்தில் ரெண்டாவது மாதமே நான் ஒரு பெரிய கேள்வி கேட்டுவிட்டேன். “இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத கஷ்டம் என்ன?” புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண், புருஷன் குடித்துவிட்டு அடிப்பதைச் சொல்லி அழுதது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அது மாமியார் காதுக்குப் போய்விட்டது. வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனாய் என்று அந்தப் பெண்ணுக்கு அதற்கும் சேர்த்து அடி. அதற்குப் பிறகு அந்தப் பெண் குழுவுக்கு வரவே இல்லை. நான் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன், கதவருகில் நின்றே பேசி அனுப்பிவிட்டது. வாயை அடக்காதவர் மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பாத்திரம் தாங்குமா என்று பார்க்காமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது நான்.

அதற்குப் பிறகு ரெண்டு விஷயம் முடிவு செய்தோம். ஒன்று, பெரிய கேள்வியை நாம் கேட்கக்கூடாது. சின்னக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு வந்தால், பெரிய விஷயம் அது வர வேண்டிய நேரத்தில் தானாக வரும். பெரும்பாலும் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் வரும். இன்னொன்று, பாயில் பேசியது பாயோடு. மாதா மாதம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். யாருக்காவது அடி உதை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அவர்களைக் கேட்டுக்கொண்டு உதவி தேடுவோம். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். எல்லார் வீட்டிலும் அந்த எண் இருக்கட்டும்.

இன்னொரு மாற்றம் நம் உத்திரமேரூரிலிருந்து வந்தது. நாங்கள் ஒரு தடவை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். அந்தச் சுவர் முழுக்கக் கல்வெட்டு. பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது, அவர் உறவுக்காரர் பெயரும் போகாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். நம்மைப் போன்ற பெண்கள் பெயரை யாரும் ஓலையில் எழுதவில்லை.

அந்தக் குடத்தை நாம எடுத்துக்குவோமே என்று எங்களில் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு குறை இருந்தது. நானே சொல்கிறேன். ஊர்த் தெருக்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, ஆனால் பல வருஷமாக அப்படித்தான். காலனி அக்காமார்கள் கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார்கள். நாங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். இப்போது மாதா மாதம் எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டு, யாராவது கூட்டி வந்த குழந்தையை விட்டு ரெண்டு ரெண்டாக எடுக்கிறோம். சீட்டில் வந்த ஜோடி அன்றைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த மாதம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதிலே ஒரு ஜோடி அடுத்த கூட்டத்துக்கு டீ போட வேண்டும். எல்லாரும் அந்த டீயைக் குடிக்க வேண்டும்.

முதல் மாதம் ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு விரதம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் விரதம் தானாக முடிந்தது. இதனால் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தெரு தெருவாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி துணைக்கு யார் படுத்தது தெரியுமா? அந்த மாதம் சீட்டில் அவரோடு ஜோடியாக வந்த காலனி அக்காதான். அதுக்கு முன்னாடி அவர்கள் ரெண்டு பேரும் பணம் கொடுத்து வாங்கியதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசியாக அபராதம். அதை நாங்கள் எடுத்துவிடவில்லை, ஒழுங்கு வேண்டும். ஆனால் அபராதம் எழுதுவதற்கு முன்னால் அந்த மாதத்து ஜோடி, வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போய் “ஏன் வரல?” என்று கேட்கக்கூடாது. “உங்களைக் காணோமேன்னு வந்தோம்” என்று சொல்ல வேண்டும். ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும், கேட்கிறவர்களுக்கு ஒண்ணு இல்லை. இந்த ஏற்பாடு வந்த பிறகு நாங்கள் அபராதம் எழுதியது ரொம்பக் கொஞ்சம்.

அந்தத் தங்கச்சியின் 30 ரூபாயைத் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. “டீத்தூளுக்கு வெச்சுக்குங்க” என்றார்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் இருக்கிறது. எல்லாம் வேண்டும். ஆனால் காலையிலிருந்து நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவர் கொண்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்ப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிறோம். அடுத்த வருஷம் ஒரு மணி நேரம் மைக்கை நிறுத்திவிடுங்கள். ஊர் கலந்து, தெரு கலந்து, அஞ்சு அஞ்சு பேராகச் சீட்டு எடுத்து வட்டமாக உட்காருவோம். சாப்பாட்டையும் அந்த வட்டத்திலேயே சாப்பிடுவோம். செலவு ஒன்றும் இல்லை, கொஞ்சம் காகிதமும் ஒரு குடமும் போதும்.

அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் உங்கள் குழுவில் பாயை விரித்ததும் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். யார் வரவில்லை என்று பாருங்கள். அன்று சாயங்காலமே ரெண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். கடனைப் பற்றிப் பேசாமல் திரும்பி வாருங்கள்.